ஏரியில் தூக்கிப் போடும் ஞாயிறு

எங்கள் அபார்ட்மெண்ட் ஜிம்முக்குப் போன மாதம் ஒரு புது மெஷின் வந்தது. எங்கள் என்றால், ஈஜிபுராவில் நான் வாட்ச்மேனாக நிற்கும் அபார்ட்மெண்ட். உடனே பெரிய ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். நீளமான மரச்சட்டம், சக்கரம் வைத்துச் சறுக்கும் சீட், முன்னால் கண்ணாடித் தொட்டி நிறையத் தண்ணீர். கைப்பிடியை இழுத்தால் தொட்டிக்குள் தண்ணீர் சுழலும். மூன்றாவது மாடிப் பெண் அதில் உட்கார்ந்து இழுத்தாள். சீட் சறுக்கும் சத்தம், பிறகு ஒரு சளக். கதவருகே நின்ற என் வாய் தானாக "எளி" என்று அசைந்தது. சத்தம் வரவில்லை, நல்லவேளை.

எளி என்றால் கன்னடத்தில் இழு. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான், பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளைப் பார்த்துப் பல வருஷம் கத்திய சொல் அது.

தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரம் நடந்தபோது குடியிருந்த நீலசந்திராவிலிருந்து பஸ் ஏறினால், தமிழ் என்று தெரிந்தால் அடி விழும் என்று நாங்கள் யாரும் வாயைத் திறக்க மாட்டோம். எனக்கு அது கஷ்டமாகவே இல்லை. அதற்கு முன்பும் நான் திறந்ததில்லை. அதற்குப் பிறகுதான் ஏரிக்கரையில் பல்கலைக்கழகத்தின் படகுக் கொட்டகையில் வேலை கிடைத்தது. படகுகளைத் தோளில் சுமந்து தண்ணீரில் இறக்குவது, திரும்பி வந்தால் துடைப்பது, மழைக்காலம் முடிந்ததும் வார்னிஷ் அடிப்பது. வார்னிஷும் ஈர மரமும் பையன்களின் வியர்வையும் கலந்த அந்த வாசனை சட்டையோடு வீட்டுக்கு வரும். என் மனைவி செல்வி மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் கதவைத் திறப்பாள். பையன்கள் எனக்கு வைத்த பெயர் சைலண்ட்.

நீங்கள் அந்தப் படகைப் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ. பாம்பு மாதிரி ஒல்லியாக இருக்கும். நான்கு பேர் முதுகைக் காட்டிக்கொண்டு துடுப்புப் போடுவார்கள். போகிற வழி அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு எதிரே கடைசியில் ஒரு குள்ளமான ஆள் சுக்கான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, வழியைப் பார்த்துக் கத்த வேண்டும். அவனுக்குக் காக்ஸ் என்று பெயர்.

ஒரு வருஷம் காக்ஸ் பையனுக்கு மஞ்சள் காமாலை. கேப்டன் பொன்னப்பா, குடகுப் பையன், என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"சைலண்ட், நீ எவ்ளோ வெயிட்டு?"

"தெரியாது சார்."

"இவரு நம்ம துடுப்பைவிட லைட்டு, குரு! ஏறுப்பா, ஏறு." குரு என்றால் அவர்களுக்குள் மச்சான் மாதிரி.

முதல் நாள் எனக்குக் குரலே எழவில்லை. படகு நேராகப் போய்க் கோரையில் சொருகியது. "ஏன் அண்ணா, கரை வர்றதைக் கண்ணுல பாத்தீங்கல்ல?" என்றான் பொன்னப்பா. "பாத்தேன் சார்." "சொல்றதுக்கு என்ன?" "கூச்சமா இருந்துச்சு சார்." நான்கு பேரும் சிரித்த சிரிப்பில் படகு கவிழப் பார்த்தது. மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு "எளி!" என்று கத்தினேன். நான்கு பெரிய உடம்புகள் ஒன்றாகப் பின்னால் சாய்ந்தன. படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. என் வீட்டுக் கோழிகூட என் பேச்சைக் கேட்டதில்லை. அன்றிலிருந்து பயிற்சிக்கு நான்தான் காக்ஸ். போட்டிக்கு மட்டும் மாணவன்தான் உட்கார வேண்டும், அது சட்டம்.

வருஷக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவர்களுக்கும் புதியவர்களுக்கும் போட்டி நடக்கும். படகு மூக்கில் மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்துத்தான் இறக்குவார்கள். ஜெயித்தவர்கள் தங்கள் காக்ஸைக் கையையும் காலையும் பிடித்து ஊஞ்சல் ஆட்டி ஏரிக்குள் வீசுவார்கள். அவன் சொட்டச் சொட்ட ஏறி வந்து எல்லோருக்கும் டீ ஊற்ற வேண்டும். நனைந்த கையிலிருந்துதான் முதல் டம்ளர். அதுவரை தோற்றவன்கூடக் குடிக்க மாட்டான். ஒவ்வொரு வருஷமும் நான் கரையில் துண்டோடு நின்று பார்ப்பேன். என்னையும் ஒருமுறை வீச மாட்டார்களா என்று இருக்கும்.

இதைச் செல்வியிடம் மட்டும் சொன்னேன். "தண்ணியில தள்றதுக்கா இப்படி ஏங்குற? வா, கொழாயடியில நானே தள்ளி உடறேன். ஊரே பாக்கட்டும்" என்றாள்.

பிறகு ஏரி கெட ஆரம்பித்தது. ஒரே நாளில் இல்லை. முதலில் துடுப்பில் பிளாஸ்டிக் பைகள் மாட்டின. பிறகு வெள்ளை நுரை. ஒரு கோடையில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தன. சாக்கடையை எங்கிருந்து திருப்பிவிட்டார்கள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பையன்களுக்குக் கையெல்லாம் சிரங்கு. அடுத்த வருஷம் முதல் படகு கிடையாது என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது.

அந்தக் கடைசி ஞாயிற்றுக்கு முன்னால் அப்போதைய கேப்டன் ஹேமந்த் வந்தான். "சைலண்ட் அண்ணா, சட்டமெல்லாம் இனிமே யாருக்கு? இந்த வாட்டி நீங்கதான் எங்க காக்ஸ்."

செல்வி ஒரு மஞ்சள் பையில் மாற்றுச் சட்டையும் லுங்கியும் மடித்து வைத்தாள். "சளி புடிச்சா என்னைக் கேக்காத" என்றாள். அவளுக்கும் சந்தோஷம்தான்.

அன்று நான் கத்தியதுபோல் எப்போதும் கத்தியதில்லை. நாற்றத்துக்கு மூக்கை மூடாமல், வாய் நிறைய மூச்செடுத்துக் கத்தினேன். ஜெயித்தோம். எதிர்ப் படகில் வந்திருந்த பொன்னப்பா, வழுக்கை விழுந்திருந்தான், கரையேறியதும் என் காலைப் பிடித்தான். ஹேமந்த் கையைப் பிடித்தான். தூக்கினார்கள். "ஒந்து!" ஆட்டினார்கள். "எரடு!" வானம் ஒருமுறை வந்து போனது. மூன்றுக்காக நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மூன்று வரவில்லை.

"வேணாம் குரு," என்றான் பொன்னப்பா. "தண்ணியைப் பாரு. அண்ணா வீட்ல கொழந்தைங்க இருக்கு."

குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் என்னைப் புல்லில் இறக்கி வைத்தார்கள். ஹேமந்த் என் சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டான். போடுங்கடா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போட்டிருப்பார்கள் என்று இன்றும் நினைக்கிறேன். சற்று முன்வரை ஏரி முழுக்கக் கேட்ட குரல் அந்த ஒரு சொல்லுக்கு வரவில்லை. டீ கேன் மூடியபடி இருந்தது. நனைந்த கை இல்லாததால் யாரும் அதைத் தொடவில்லை. ஒவ்வொருவராகப் பைக்கை எடுத்துக்கொண்டு போனார்கள். கேனை நான்தான் கவிழ்த்துக் கழுவினேன்.

வீட்டில் செல்வி பையை வாங்கிப் பார்த்தாள். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. அப்படியே அலமாரியில் வைத்துவிட்டாள். அவள் கிண்டல் செய்யாதது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. ஒரு படகை ஏதோ ஹோட்டலில் கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்க விட்டிருக்கிறார்களாம். நான் போய்ப் பார்க்கவில்லை. ஏரியைச் சுற்றி இரும்பு வேலி. என் குரலும் போய்விட்டது. கேட்டில் கார் வந்தால் விசில்தான் ஊதுகிறேன்.

ஜிம் மெஷினின் தண்ணீர் கலங்காமல் மாத்திரை போடும் வேலையையும் எனக்கே கொடுத்திருக்கிறார்கள். போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் குனிந்து பார்ப்பேன். அடிவரை தெரியும். அவ்வளவு சுத்தமான தண்ணீர், என் கை நுழையும் அளவுகூட இல்லாத ஒரு மூடிக்குக் கீழே.