என் கையும் மனைவியின் கண்ணும்

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. என்னைப் போல இன்னொரு மடையன் எங்காவது இருப்பான், அவனுக்காக எழுதுகிறேன்.

என் மனைவி செல்வி ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். தேயிலைக் குச்சி குத்தி வலது கண் பார்வை போனது. தானமாகக் கிடைத்த கருவிழியை இரண்டு முறை வைத்தும் சரிவரவில்லை. கடைசியில் கொழும்பில் செயற்கைக் கருவிழி பொருத்தினார்கள். பார்வை வந்தது. கை கழுவாமல் கண்ணைத் தொடக்கூடாது, கிருமி உள்ளே போனால் பார்வை மறுபடியும் போய்விடும் என்று டொக்டர் என்னிடம் சொல்லித்தான் அனுப்பினார்.

தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பிஸ்கட் பெக்கட்டோடு பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் செல்வியை வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, நானே இமையைத் தூக்கிக் காட்டினேன். உரம் போட்டுவிட்டு வந்த கை.

"அண்ணே, இதுல டீவி தெரியுமா?" என்றான் பக்கத்து வீட்டு ராசு. நானும் சேர்ந்து சிரித்தேன்.

"போதுங்க, எரியுது," என்றாள் செல்வி.

"கொஞ்சம் சும்மா இரு. பசறையிலயிருந்து வந்திருக்காங்க," என்று அதட்டினேன்.

மறுநாளே கண் சிவந்து சீழ் வைத்தது. பதுளை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். பார்வை மயிரிழையில் தப்பியது.

வார்டில் செல்வி கேட்டாள்: "இந்தக் கண்ண நான் பாக்கறதுக்கு வச்சாங்களா, நீங்க தோட்டத்துக்கே காட்டறதுக்கு வச்சாங்களா?"

வந்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. தூக்கிய கை என்னுடையது.

இப்போது சோப்புப் போட்டுக் கை கழுவாமல் அவளுக்குச் சொட்டு மருந்து விடுவதில்லை. யாராவது கண்ணைக் காட்டச் சொன்னால், "அவகிட்ட கேளுங்க" என்கிறேன். அவள் முடியாது என்கிறாள். கோபித்துக்கொண்டு போகிறவர்கள் போகட்டும்.