இருபத்தொரு கதவைத் தாண்டி

லெமோக் வாழ்க்கைப்பட்டது நீளவீட்டின் கடைசிக் கதவுக்கு. ஒரே கூரையின் கீழ் இருபத்திரண்டு குடும்பங்கள், ஆளுக்கொரு கதவு. ஆற்றுக்கு இறங்கும் ஏணியோ முதல் கதவுக்குப் பக்கத்தில். முப்பத்தொன்பது வருஷமாக, வயலுக்குப் போனாலும் சரி, சாவுக்குப் போனாலும் சரி, இருபத்தொரு குடும்பத்தைத் தாண்டித்தான் அவள் போயாக வேண்டும். யாராவது சும்மா விட்டால்தானே.

"சாப்பிட்டுப் போ" என்று ஒருத்தர் வாயிலிருந்து வந்துவிட்டால் தீர்ந்தது. மதிக்காமல் போகிறவர்களைப் பூனி என்கிற தோஷம் பிடிக்கும். பாம்பு கடிக்கும், படகு கவிழும். அவசரமென்றால் விரல் நுனியால் சோற்றைத் தொட்டாலே போதும், சாப்பிட்ட மாதிரிதான். முன்னோர்கள் விவரமானவர்கள். இப்போது இருப்பவர்களுக்குத்தான் தொட்டுவிட்டு நகர்கிறவளைக் கண்டால் பொறுக்காது. எங்கள் சோறு கசக்கிறதா என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். இப்படி மென்றுகொண்டே நடந்து அவள் கோட்டை விட்டது கொஞ்சமா? தங்கைக்குப் பிள்ளை பிறந்து, குளிப்பாட்டித் தூங்கவும் வைத்த பிறகுதான் போய்ச் சேர்ந்தாள்.

கண்ணில் புரை விழுந்தபோது, ஆபரேஷனுக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள் டவுன் ஆஸ்பத்திரியில். ஒன்பதாம் கதவு நாத்தனார் ஜெலியா, ஒரு வாய்தானே என்று ஒட்டரிசிச் சோற்றைத் திணித்துவிட்டாள். நர்ஸ் கேட்டபோது லெமோக்குக்குப் பொய் வரவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறு தேதி கிடைக்க எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதமும் மிளகுக் கொடியில் காய் எது, பழம் எது என்று தெரியாமல் தடவித் தடவிப் பறித்தாள். ஜெலியாவை நினைத்து நினைத்துப் பல்லைக் கடித்தாள்.

இந்தத் தடவை விடிந்ததும் அவள் கதவுகளுக்கு முன்னால் ஓடும் நடைக்கூடத்துப் பக்கமே போகவில்லை. தன் வீட்டின் பின்பக்கமாக இறங்கி, வீட்டைத் தாங்கும் கம்பங்களுக்கிடையே பன்றிச் சேற்றில் குனிந்து நடந்தாள். பாதி தூரம் தாண்டியதும், பலகை இடுக்கு வழியாக ஜெலியாவின் குரல் வந்தது.

"கீழ யாரு, அண்ணியா? மூங்கில்ல கோழி வெந்திருக்கு, ஒரு வாய் தின்னுட்டுப் போங்க."

"உன் வாய்க்குப் பூட்டே கிடையாதாடி?"

சொன்னது சொன்னதுதானே. மேலிருந்து விழுந்த துண்டைத் தொட்டுவிட்டுப் பன்றிக்கு விட்டாள்.

ஒருவழியாகக் கொழுந்தன் ஜாமுவின் படகில் ஏறி உட்கார்ந்தாள். இன்ஜின் கிளம்பும்போது கரையிலிருந்து யாரோ கத்தினார்கள். அவளுக்கு ஒரு மங்கல் தெரிந்தது, அதன் கையில் ஒரு தட்டு. எட்டு மாத ஆத்திரமும் தொண்டைக்கு வந்துவிட்டது.

"சோறா? கொண்டுபோய்ப் பன்னிக்குக் கொட்டு."

ஜாமு இன்ஜினை நிறுத்தினான். "அண்ணி, அது அண்ணன்."

அவள் புருஷன் லிங்கிர். கல்யாணமான நாள் முதல் அடுப்பை ஊதியறியாத மனுஷன். திருப்புடா என்றாள். படகு வருவதற்குள் அவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். தட்டோடு இருபத்தொரு கதவையும் தாண்டி வந்திருக்கிறார். விரலெல்லாம் ஊரார் வீட்டுச் சோறு ஒட்டியிருந்தது.

"நீ வரும்போது சுடுசோறு இருக்கட்டுமேன்னு இப்பவே ஆக்கிப் பழகினேன். நீ இறங்கற சத்தம் கேட்டு, பழக்கதோஷத்துல சாப்பிட்டுப் போன்னு சொல்லித் தொலைச்சிட்டேன். உன் காதுல விழல. கண்ணுல கத்தி வைக்கப் போறாங்களே. தொட்டுட்டுப் போயிரு, லெமோக்."

தட்டை அவள் பக்கம் நீட்டினார். லெமோக்குக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது, அழுகையும் வந்தது. தட்டைத் தடவிச் சோற்றைத் தொட்டாள். கருகல் வாடை மூக்கில் ஏறியது.

"எடுத்து மூடி வையி. கண்ணோட வந்து, எவ்வளவு கருக்கியிருக்கன்னு பாக்கறேன்."