கண்ணடிச்ச சாமியும் ஒண்ணாம் நம்பர் புத்தகமும்

துளசியைப் பற்றித் தேயிலை எஸ்டேட்டின் லயத்து வீடுகளில் யாரைக் கேட்டாலும் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். எஸ்டேட் துரையோ கணக்கெழுதும் கிராணியோ, முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள். கொழுந்து வெட்டும் மெஷினின் ஒரு பக்கத்தை அவள் பிடித்தால் மறுபக்கம் பிடிக்க ஆம்பிளைகளே தயங்குவார்கள். சரிவில் அப்படி ஓடுவாள். அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒருவனிடம் மட்டும் எதிர்க்கேள்வி கேட்டதில்லை. அவன் அவளுடைய தம்பி லோகேஸ்வரன். கேட்டிருக்கலாம். என்ன செய்வது, பாசம் வந்தால் வாய் அடைத்துப்போகிறதே!

அம்மா செத்தபோது லோகுவுக்குப் பால்பல்கூட விழவில்லை. அப்பன் வேறொருத்தியோடு ரிங்லெட் பக்கம் போனவன் போனவன்தான். துளசி தம்பியை இடுப்பிலும் கூடையை முதுகிலும் சுமந்தாள். கல்யாணப் பேச்சு வந்தபோது, "தம்பியும் எங்கூடத்தான் வருவான், சம்மதமா?" என்று மாப்பிள்ளையையே நேராகக் கேட்டாள். மாப்பிள்ளை தங்கராஜு எஸ்டேட்டில் மருந்தடிக்கிறவன். "சீதனமா வர்றான்னு வெச்சுக்கிறேன்லா," என்று சிரித்தான். அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அதற்காக இருவரும் அழுததும் இல்லை, அதுதான் லோகு இருந்தானே. அவனைக் கோலாலம்பூருக்கு அனுப்பிச் சிற்பம் படிக்க வைத்தார்கள். சிற்பம் படித்து என்ன கிழிக்கப் போகிறான் என்று லயமே கேட்டது. லயத்துக்குத் துளசி தக்க பதில் கொடுத்தாள், அதை இங்கே எழுத முடியாது.

லயத்துக்குப் பின்னால் மலை சரிந்த வருஷம், மண் அவர்கள் அடுப்படிச் சுவரைத் தொடாமல் நின்றது. சரிவில் விழுந்த மரத்தின் அடிக்கட்டையை எடுத்துத் தங்கராஜு காவலுக்கு ஒரு முனிசாமி செய்தான். அவன் ஆசாரியும் இல்லை, ஒன்றும் இல்லை. கையில் இருந்தது ஒரு பாராங் கத்தி, ஓர் உளி. இடது கண்ணைச் செதுக்கும்போது துளசி உள்ளேயிருந்து, "சோறு ஆறுது, வரப்போறியா இல்லையா?" என்று ஒரு கத்துக் கத்தினாள். உளி வழுக்கியது. அந்தக் கண் பாதி மூடிப்போயிற்று. பெண்கள் எல்லாம், "துளசி, ஒம் புருசன் செஞ்ச சாமி கண்ணடிக்குதுடி!" என்று கேலி செய்வார்கள். ஆனாலும் மேட்டில் வைத்துக் கும்பிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சூடத்தட்டு அவள் கையிலிருந்து சாய்ந்து, சாமியின் வலது முழங்காலில் கருப்பாக ஒரு தழும்பும் விழுந்தது.

பிறகு தங்கராஜு நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தான். அதற்கப்புறம் துளசி அந்தச் சாமியிடம் சூடம் கொளுத்தியதைவிடப் பேசியதுதான் அதிகம். மெஷின் பழுதானது, முட்டிவலி, லோகு போன் பண்ணாதது எல்லாம் அந்தப் பாதிக் கண்ணுக்குத் தெரியும்.

கோயில் கமிட்டி சிமெண்டில் பெரிய முனி செய்து வர்ணமடித்து நிறுத்தியபோது வினை பிடித்தது. புதுச்சாமி வந்தால் பழைய சாமியைத் தண்ணீருக்கு விட வேண்டும். அந்த எஸ்டேட்டில் அதற்கொரு முறை உண்டு. வீட்டு ஆண்பிள்ளை ஒருவன் சாமியை வாங்கிக்கொண்டு தண்ணீரில் இறங்குவான். மற்றவர்கள் அந்தக் கணமே திரும்பி நடந்துவிட வேண்டும். திரும்பிப் பார்த்தால் சாமி போகாமல் பின்னாலேயே வந்துவிடும் என்பார்கள். துளசிக்குக் கொடுக்க மனசில்லை. வீட்டிலேயே வைத்துக்கொள்கிறேன் என்று கமிட்டித் தலைவர் காளியண்ணனிடம் மல்லுக்கு நின்றாள். கோலாலம்பூரிலிருந்து வந்த லோகுதான் அவளைச் சமாதானம் செய்தான்.

"வேணாங்க்கா. பழசானத வீட்ல வெச்சா குத்தம். நானே எறங்கி விடறேன். கட்ட மெதக்கும், கல்லக் கட்டித்தான் அமுத்தணும்."

தம்பி சொல்லிவிட்டான், அப்புறம் என்ன? ரிங்லெட் அணைக்கட்டு ஏரிக் கரையில் சாமியை மஞ்சள் துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்தாள். திரும்பி நடந்தாள். கண்ணீர் கண்ணை மறைத்தது, ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. லோகு இடுப்பு வரைக்கும் நனைந்து வீடு வந்தான். அவளே தலை துவட்டிவிட்டுச் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தாள்.

வருஷங்கள் ஓடின. லோகு பெரிய ஆளாகிவிட்டான். அவனுடைய சிற்பங்களைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார்கள். கடையில் அடுக்கி விற்கிற புத்தகம் இல்லை. முந்நூறு பிரதியோடு சரி, அதற்குமேல் அச்சடிக்க மாட்டார்களாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர், அவன் கையெழுத்து, ஒரு மரப்பெட்டி. படிக்க வாங்குகிறவனைவிடப் பூட்டி வைக்க வாங்குகிறவன்தான் அதிகம். பிறந்த எஸ்டேட்டிலேயே வெளியிட வேண்டும் என்று லோகு ஆசைப்பட்டான். சுற்றுலாக்காரர்களுக்காக எஸ்டேட் மேட்டில் கட்டியிருந்த டீக்கடை மண்டபத்தில் விழா. துளசியை ஏற்றி வரக் காடி அனுப்பினான், அவனுடைய சொந்தக் கார். அவள் தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

மேடைக்குக் கூப்பிட்டு, ஒண்ணாம் நம்பர் பிரதியை அவள் கையில் கொடுத்தான். கைத்தட்டல் கூரையைப் பிய்த்தது. துளசி கூட்டத்தைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்தாள். பெற்றால்தான் பிள்ளையா, என்ன! நாற்காலிக்கு வந்து பெட்டியைத் திறந்து, கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு, பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

நடுப்பக்கத்தில் அவளைப் பார்த்துச் சாமி கண்ணடித்தது.

பக்கம் முழுக்க ஒரே படம். கறுப்புத் துணிக்கு முன்னால் எண்ணெய் தடவி நிறுத்தியிருந்தார்கள். பாதி மூடிய இடது கண். வலது முழங்காலில் சூடத் தழும்பு. கீழே ஒரே ஒரு பெயர், அவளுக்கு நன்றாகப் படிக்கத் தெரிந்த பெயர், லோகேஸ்வரன். மேடையில் கண்ணாடி போட்ட அம்மாள் ஒருத்தி அதே படத்தைக் காட்டி, அந்தப் பாதிக் கண்தான் இந்தக் கலைஞனின் உச்சம், நவீன மனிதனின் சந்தேகம் என்று பேசிக்கொண்டிருந்தாள். துளசிக்குக் காதில் விழுந்ததெல்லாம் "சோறு ஆறுது" என்ற தன்னுடைய குரல்தான்.

தம்பியைக் கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துப் போய், அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினாள்.

"தண்ணிக்குத்தானே விட்டே?"

அவன் படத்தைப் பார்த்தான். பொய் சொல்ல வாயெடுத்து, அக்காள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டான்.

"நாணலுக்குள்ள மறச்சி வெச்சேன். அப்புறம் வந்து எடுத்துக்கிட்டேன். தண்ணியில போட்டா அழுகியிருக்கும்க்கா. இப்ப ஒலகமே பாக்குது."

"எங்கடா இருக்கு?"

"வித்தாச்சு. வெளிநாட்டுக்குப் போயிருச்சு."

"எம் புருசன் கையால செஞ்சத வித்துட்டே. நான் முதுகக் காட்டிக்கிட்டு அழுதப்ப நீ திருடியிருக்கே." பக்கத்து வீட்டுக்காரன் செய்திருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பாள். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தால் யாரிடம் போய் முறையிடுவது? கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள். "போனது போச்சு. மைக்ல அவரு பேரச் சொல்லு. இத செஞ்சது தங்கராஜுன்னு ஒரு வார்த்த சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"சொல்றேங்க்கா. சத்தியமா சொல்றேன்."

போனான். மைக்கைப் பிடித்தான். துரைக்கு நன்றி சொன்னான், புத்தகம் போட்டவர்களுக்கு நன்றி சொன்னான், பனிக்கும் மலைக்கும் நன்றி சொன்னான். சுமந்து வளர்த்த அக்காவைச் சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டான். கூட்டமும் துடைத்துக்கொண்டது. துளசி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, இதோ சொல்வான், இப்போது சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் கும்பிட்டுவிட்டு இறங்கினான்.

கூட்டம் கலைந்ததும் அவனிடம் வந்தாள். "ரெண்டுல ஒண்ணு செய். லயத்துக்கு வந்து எல்லாருக்கும் முன்னால உண்மையச் சொல்லு. இல்லேன்னா காடிய ரிங்லெட்டுக்கு விடு."

அப்போதுகூட அவளுக்கு ஒரு நப்பாசை இருந்தது. லயம் நடந்து போகிற தூரம்தான். லோகு காரை ரிங்லெட்டுக்கு விட்டான்.

ஏரிக்கரையில் அவள் மரப்பெட்டியை அவன் கையில் கொடுத்தாள்.

"எறங்கு. கல்லக் கட்டிக்கோ, மரம் மெதக்கும்."

"அக்கா! இது ஒண்ணாம் நம்பருக்கா. இன்னொண்ணு கெடைக்காது."

"எனக்கும் ஒரே தம்பிதான்டா இருந்தான். அவன் பேருதான் இதுல போட்டிருக்கு. விடு தண்ணிக்கு."

அவன் சட்டையைக் கழற்றாமலே இறங்கினான். இடுப்பளவு தண்ணீரில் நின்று, பழைய வழக்கத்தில், "திரும்பிக்கோக்கா," என்றான்.

"சாமின்னா திரும்பியிருப்பேன். நீ அமுத்து, நான் பாக்கறேன்."

கல்லோடு பெட்டி போயிற்று. குமிழி அடங்கும்வரை துளசி கண்ணை எடுக்கவில்லை. லோகு சொட்டச் சொட்டக் கரையேறி, காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறுக்கா, குளிருது," என்றான். அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு பஸ் நிற்கும் பக்கமாக நடந்தாள். பின்னாலிருந்து அவன் அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.