அண்ணியின் தளத்தை அப்டேட் செய்த மத்தியானம்

இது நடந்தது. நான் கட்டிய கதையாக இருந்தால் சின்னவனைக் கொஞ்சம் யோக்கியனாகக் காட்டியிருப்பேன். அவனே என்னிடம் சொன்னான், தலையைத் தூக்காமல். ராத்திரிகூட இல்லை. பட்டப்பகல்.

சின்னவன் என் பக்கத்து மேசைக்காரன். ஊரார் வலைத்தளத்தையெல்லாம் ஓடி ஓடிச் சரி செய்வான். சொந்த வீட்டு வேலை என்றால் மட்டும் கை வலிக்கும். அவனுடைய அண்ணி, குழந்தைத் துணி தைக்கக் கற்றுக்கொடுக்கும் தளம் ஒன்று நடத்திவந்தார். கட்டிக் கொடுத்தவன் சின்னவன்தான். ஒவ்வொரு பாடத்துக்கும் கீழே கேள்வி கேட்க ஒரு பெட்டி. அண்ணி பதில் தட்டும்போது ‘பதில் எழுதுகிறார்…’ என்று அங்கே மினுக்கும்.

அண்ணி இறந்து மூன்று வருடம் ஆகிறது. தளத்தை மூட அண்ணனுக்கு மனம் வரவில்லை.

இந்த நிலையில்தான் தளத்துக்கு இடம் கொடுக்கும் ஹோஸ்டிங் கம்பெனியிலிருந்து எச்சரிக்கை மேல் எச்சரிக்கை. சர்வரில் தளத்தை ஓட்டும் பி.எச்.பி என்ற மென்பொருள் பழைய வெர்ஷன். மாத முடிவுக்குள் மாற்றாவிட்டால் கூடுதல் கட்டணம். அண்ணன் கேட்கும்போதெல்லாம், “பாத்துட்டே இருக்கேண்ணா” என்று சின்னவன் கூசாமல் புளுகினான்.

கடைசி நாள் வந்தது. சனிக்கிழமை மத்தியானம். ஆபீஸில் அவன் மட்டும்.

முதலில் தளத்தைப் பூட்டினான். யார் வந்தாலும் ‘பராமரிப்பு நடக்கிறது’ என்ற பலகைதான் தெரியும். பிறகு வெர்ஷனை மாற்றினான். பாடங்கள் வந்தன. படங்கள் வந்தன. கேள்விப் பெட்டி இருந்த இடத்தில் மட்டும் சிவப்பாகப் பிழை.

அந்தப் பெட்டி பழைய சரக்கு. புது வெர்ஷனுக்கு ஏற்றபடி திருத்த இரண்டு நாளாவது உட்கார வேண்டும். உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது என்று எட்டிப் பார்த்தான்.

எல்லாம் அண்ணன் எழுதியவை.

காலர் வைக்கும் பாடத்துக்குக் கீழே, தினம் ஒன்று. ‘தண்ணி மோட்டார் மறுபடி மக்கர் பண்ணுது.’ ‘உன் செடில ஒரு மொட்டு.’ ‘இன்னிக்கு உப்பு ஜாஸ்தி போட்டுட்டேன்.’ ஒன்றுக்கும் பதில் இல்லை. எப்படி இருக்கும்?

சின்னவன் பத்துப் பதினைந்தைப் படித்தான். படிக்கப் படிக்க எரிச்சல் வந்தது. இப்படியே போனால் மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிடும், பெட்டி போகட்டும், நல்லதுதான் என்று ஒரு நியாயம் கண்டுபிடித்தான். உண்மை வேறு. இரண்டு நாள் வேலைக்கு அவன் உடம்பு வணங்கவில்லை. பெட்டியையே நீக்கப் போனான்.

‘சேமித்தவற்றையும் சேர்த்து அழிக்கவா?’ என்று திரை கேட்டது. நகல் எதுவும் எடுக்கவில்லை. ‘ஆம்’ என்று அழுத்தினான். மணி இரண்டு.

பிழை போய்விட்டது. பக்கம் துடைத்துவிட்டது போல் இருந்தது.

பூட்டைத் திறக்கும் முன், யார் வந்து போனார்கள் என்று காட்டும் சர்வர் பதிவைப் பார்த்தான். அவனைத் தவிர யாரும் இருக்கக் கூடாது.

ஒரு வரி இருந்தது. காலர் பாடத்தை யாரோ திறந்திருந்தார்கள்.

வரியில் இருந்த கணினி விலாசத்தைத் தடை செய்தான். அதே விலாசத்திலிருந்து இன்னொரு வரி வந்தது. அப்போதுதான் விலாசத்தை நிதானமாகப் படித்தான். அது தளம் இருக்கும் சர்வரின் சொந்த விலாசம். வெளியிலிருந்து யாரும் வரவில்லை… உள்ளேயே இருந்தார்கள்.

லேப்டாப்பின் விசிறி ‘உய்ய்ங்’ என்று இரைய ஆரம்பித்தது.

காலர் பாடத்தைத் திறந்தான். கீழே, பெட்டியை எடுத்த வெற்றிடத்தில்…

‘பதில் எழுதுகிறார்…’

அதைத்தான் அழித்தாயிற்றே!

நின்றது. மறுபடி மினுக்கியது. யோசித்து யோசித்துத் தட்டுவது போல…

“அண்ணி?” என்று வாய்விட்டே கேட்டுவிட்டான்.

விசிறி நின்றது.

எழுத்தும் நின்றது.

லேப்டாப்பை அறைந்து மூடிவிட்டு, ஒரே ஓட்டமாகத் தெருவுக்கு வந்துவிட்டான்.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனான். உண்மையைச் சொல்லிவிடத்தான் போனான். அண்ணன் கதவைத் திறந்ததும் நாக்கு புரண்டுவிட்டது.

“அப்டேட் முடிஞ்சுதுண்ணா. இனிமே கூடுதலா எதுவும் கட்ட வேணாம். ஆனா… கீழ ஒரு பெட்டி இருந்துச்சுல்ல… அது தானா போயிடுச்சு.”

அண்ணன் சட்டைப்பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“சரிடா. போனா போகட்டும்.”

“கோவம் இல்லையாண்ணா?”

“இல்ல.” போனை எடுத்து நீட்டினார். “இத நீயா அனுப்பின?”

கேள்விக்குப் பதில் வந்தால் கேட்டவருக்குத் தளத்திலிருந்து மெயில் போகும். அப்படி ஒரு மெயில், அண்ணியின் பெயரில். வந்த நேரம் இரண்டு ஐந்து. அப்போது அவன் இந்தப் பொய்யை யோசித்துக்கூட வைக்கவில்லை.

“நான் இல்லண்ணா,” என்றான். அன்று அவன் சொன்ன ஒரே உண்மை அதுதான். பிறகு படித்தான்.

‘சின்னவன திட்டாதீங்க. கேட்டா, தானா போயிடுச்சுன்னு சொல்லுவான். நம்பின மாதிரி இருந்துடுங்க.’