தீபத்தன்று பதினோரு அறைகள்

அண்ணாமலையானின் அன்பர்களுக்கு, கீழ்பென்னாத்தூர் சுமதியின் வணக்கம். நான் பட்டதையும் அவன் காத்ததையும் உள்ளது உள்ளபடி சொல்கிறேன்.

2006, கார்த்திகை தீபத்துக்கு இன்னும் மூன்று நாள். லாட்ஜ் உரிமையாளர் தனசேகரன் அண்ணன் போன் செய்தார்.

"ம்மா, ஆறாம் நம்பர் ரூம் ரெண்டு குடும்பத்துக்கு விழுந்திருக்குது. இன்னும் பத்து ரூம் அதே மாதிரி. தீபத்தன்னிக்கு ஊர்ல எங்கம்மா ரூம் கெடைக்கும்?"

சென்னை வேலையை உதறிவிட்டு வந்து, லாட்ஜ், டிராவல்ஸ் போன்ற சின்னத் தொழில்களுக்கு இணையத்தில் ஓடும் மென்பொருள் எழுதித் தரத் தொடங்கியிருந்தேன். அண்ணனின் லாட்ஜ்தான் முதல் வேலை. வெளியூர்க்காரர்கள் வீட்டில் இருந்தபடியே அறை பதியலாம் என்று அவரை வற்புறுத்தியவள் நான். இருபது வருட நோட்டை மூடிவிட்டு அவர் என்னை நம்பினார்.

தப்பு என்னுடையதுதான். அவர் லாட்ஜில் ஒரு நாள் என்றால் இருபத்து நாலு மணி நேரம். மாலை நாலுக்குச் சாவி வாங்கினால் மறுநாள் மாலை நாலு வரை அறை அவர்களுடையது. நானோ தேதி மாறினால் அறை காலி என்று எழுதிவிட்டேன். சொந்த ஊரில் யார் லாட்ஜில் தங்குவார்கள்? நான் ஒருநாளும் தங்கியதில்லை. கேட்கவும் இல்லை. தீபத்தன்று காலை பதினோரு குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு தெருவில் நிற்கப் போகின்றன.

அழுதேன். நெட் கோளாறு என்று சொல்லித் தப்பிக்கலாமா என்றுகூட நினைத்தேன். அந்த நினைப்பே என்னைக் கூசவைத்தது. பகல் பன்னிரண்டு மணிக்குச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கிரிவலம் கிளம்பினேன். தூறல். மலை மேகத்துக்குள் இருந்தது. "அருணாசலா, பதினோரு அறை கொடு. கொடுக்காமல் உன்னை விடமாட்டேன்" என்று சண்டைதான் போட்டேன். எனக்குப் பணிவு கொஞ்சம் கம்மி.

கிரிவல வழியில், நிருதி லிங்கத்தருகே ஒரு குடும்பம் நின்றது. அந்தப் பெண் என்னிடம் வந்தாள்.

"அக்கா, குளிக்க எங்கனா எடம் இருக்குதா? பையை வெச்சிட்டுக் கோயிலுக்குப் போணும். ரூம் எல்லாம் வேணாம்."

அப்படியே நின்றுவிட்டேன். மயிர்க்கூச்செறிந்தது. காலையில் வருபவர்களுக்கு உடனே வேண்டியது படுக்கையா? குளியலும் பை வைக்க இடமும்தானே! அவளுக்குக் குளிக்கும் இடத்துக்கு வழி சொல்லிவிட்டு, மிச்ச வலத்தையும் முடித்து, நேரே லாட்ஜுக்குப் போனேன்.

போன் நம்பர் இல்லாமல் பதியக் கூடாது என்று அண்ணன் அடம்பிடித்திருந்தார். அன்று முணுமுணுத்தேன். இன்று அதுதான் கைகொடுத்தது. இருபத்திரண்டு குடும்பங்களுக்கும் நானே பேசினேன். முதல் வார்த்தையே "தப்பு என்னுதுங்க" என்பதுதான். இரண்டு பேர் திட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். முந்தின நாள் வருபவர்களிடம், தீபத்தன்று காலை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"விடியக்காத்தால கிரிவலம் கெளம்பிடுவோம்மா. ரூம் சும்மாதான் கெடக்கும். அவங்க வந்து குளிக்கட்டும், அதுக்கென்ன?" என்றார் ஒருவர்.

அந்தப் பதிலையே பத்து அறைக்காரர்களும் ஏதோ ஒரு விதமாகச் சொன்னார்கள். காலையில் வருபவர்களும், மாலை நாலு வரை குளிக்கவும் பை வைக்கவும் இடம் இருந்தால் போதும் என்றார்கள். பதினோராவது அறைக்கு முதலில் வருபவர்களிடம் கைக்குழந்தை இருந்தது; காலையில் அவர்களால் அறையை விட முடியாது. அங்கே அடுத்து வரவேண்டியவர்கள் நடக்க முடியாத தாயை அழைத்து வருகிறவர்கள். அவர்களைப் பக்கத்தில் வேங்கிக்காலில் நாங்கள் குடியிருந்த வீட்டிலேயே தங்க வைத்தோம். கட்டிலை அந்த அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு நானும் கணவரும் கூடத்தில் பாய் விரித்தோம்.

தீபத்தன்று ஒருவர்கூடத் தெருவில் நிற்கவில்லை. மாலை ஆறுக்கு மேகம் விலகி மலை உச்சியில் சுடர் எழுந்தது. எங்கள் மொட்டை மாடியில் நாற்காலியோடு தூக்கி உட்காரவைத்த அந்த அம்மா, "அரோகரா" என்று கத்தினார். நானும் கத்தினேன்.

மறுநாளே அறை பதியும் திரையை மாற்றி எழுதினேன். இப்போது அது தேதியோடு, எத்தனை மணிக்கு வருவீர்கள், எப்போது கிளம்புவீர்கள் என்றும் கேட்கிறது. அதன்பின் யாருக்கு வேலை செய்தாலும், முதல் நாள் அவர்கள் கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து சும்மா பார்க்கிறேன்.

அன்பர்களே, கஷ்டம் வந்தால் அவனிடம் உரிமையோடு கேளுங்கள், சண்டையும் போடுங்கள். ஆனால் வழியில் யாராவது வந்து பேசினால் நின்று காதுகொடுங்கள். நான் பதினோரு அறை கேட்டேன். அவன் ஓர் அறைகூடக் கூடுதலாகத் தரவில்லை. குளிக்க இடம் கேட்கும் ஒருத்தியை அனுப்பினான்.