இரண்டு பெட்டியும் ஒரே பக்கம்

பாரிஸிலிருந்து அண்ணன் அனுப்பிய ஸ்டீரியோவைப் பொருத்த, காரைக்கால் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரேடியோ ரிப்பேர்காரரை அழைத்து வந்தேன். எங்கள் கூடம் முற்றத்தை ஒட்டி ‘ட’ போல மடங்கியிருக்கும். அந்த ஒல்லி மனிதர் மூலைக்கு மூலை நின்று கைதட்டிப் பார்த்தார்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்த அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பீரங்கிச் சத்தத்தில் காது போனவர். அவரிடம் நாங்கள் கத்தித்தான் பேசுவோம்.

ரிப்பேர்காரர் ஸ்பீக்கர் இரண்டையும் அப்பாவின் வலது பக்கமே வைத்தார்.

“பக்கத்துக்கு ஒண்ணா வைக்கணும்னு புஸ்தகத்துல போட்டிருக்கே!” என்று எரிந்து விழுந்தேன்.

“புஸ்தகம் எழுதுனவருக்கு ரெண்டு காதும் கேக்குங்க. நான் வலப்பக்கம் தட்டுனப்ப மட்டுந்தான் அய்யா திரும்பிப் பாத்தாங்க.”

பாட்டு தொடங்கியது. அப்பா முகத்தைச் சுளித்தார். “சத்தத்தக் கொறைடா!”

அப்பா அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ரிப்பேர்காரரைப் பார்த்துக் கைகூப்பினேன். அவரோ ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் என் இலையை அப்பாவின் வலது பக்கம் போடச் சொன்னேன். இத்தனை வருஷமும் இடது பக்கம் உட்கார்ந்துதான் கத்தியிருக்கிறேன்.