மூணேகால் மணிப் பொரி

ஒரகடம் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு செக் ஷீட் போடக் கை அரிக்கும். காருக்கான ரப்பர் பாகங்கள் செய்யும் கம்பெனியில் நான் பன்னிரண்டு வருடமாகத் தரம் பார்க்கிறவள், ஆகவே எனக்கு அது முற்றிய நிலை. எங்கள் வீட்டு எலிக் கூண்டின் மேல் தேதி, வேளை, என்ன தீனி, எவ்வளவு, கையெழுத்து, குறிப்பு என்று கட்டம் போட்ட தாள் ஒன்று தொங்கியதற்கு அதுதான் காரணம்.

எலி என்றால் என் மகளுக்குக் கோபம் வரும். "எலி இல்லம்மா, ஹாம்ஸ்டர்" என்பாள். வால் குட்டையான எலி என்பது என் கட்சி. மாடி போர்ஷனில் இருந்த தம்பதி வேலை மாறிப் புனேவுக்குப் போனபோது, கூண்டு, சக்கரம், அரை பாக்கெட் தீவனம் சகிதம் அதை ஒன்பது வயது மகள் கையில் கொடுத்துவிட்டு வேனில் ஏறிவிட்டார்கள். எங்களைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்போம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

வந்த புதிதில் என் ஒரு உள்ளங்கையில் அடங்கியது. மூன்று மாதத்தில் இரண்டு கை வேண்டியிருந்தது. சக்கரத்தில் ஏறி ஓடுவதற்குப் பதிலாக அதில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு எங்களைப் பார்த்தது, கல்யாண மண்டபத்தில் பந்தி முடித்த பெரிய மனுஷன் மாதிரி. மகள் பயந்துபோய் அழ, ஸ்ரீபெரும்புதூரில் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனோம். இரண்டு மாடும் ஒரு ஆடும் எங்களுக்கு முன்னால் நின்றன. எங்கள் முறை வந்ததும் மருத்துவர் டப்பாவைத் திறந்து பார்த்து, சிரிக்காமல், என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்.

காலையில் மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு என் கணவர் போடுவார். சாயங்காலம் மகள் போடுவாள். இரவு சமையல் முடிந்ததும், பாவம் பசிக்குமே என்று நான் போடுவேன். மூன்று பேரும் கிண்ணம் நிறையப் போடுகிறோம் என்பது அந்த மேஜை முன்னால்தான் எங்களுக்கே தெரிந்தது.

"மாட்டுக்கே தீவனம் அளந்துதான்மா போடுறாங்க. இது இத்தனூண்டு, இதுக்கு மூணு ஷிப்டா?" என்றார் மருத்துவர். "முப்பது கிராமாவது இறங்கணும். இப்படியே விட்டா ரொம்ப நாள் தாங்காது."

வரும் வழியெல்லாம் மகள் வண்டியில் என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டே வந்தாள். ஜாக்கெட் நனைந்தது. அன்றைக்கு எழுதி மாட்டியதுதான் அந்தத் தாள். ஒரு நாளைக்கு ஒரே வேளை, காலையில் கணவர் போடுவது, ஒரு ஸ்பூன் தீவனம். விரல் நகம் அளவு வெள்ளரிக்காய் அல்லது இரண்டு கொத்தமல்லித் தழை. கேரட் இனிப்பு, ஆகவே வாரம் ஒரு முறை. சூரியகாந்தி விதை ஞாயிறு மட்டும், இரண்டே இரண்டு. வெங்காயம், பூண்டு, ஆரஞ்சு, சாக்லேட், உப்பு போட்ட எதுவும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையல் தராசில் ஒரு கிண்ணத்தில் அதை உட்கார வைத்து எடை. முதல் வாரமே நான்கு கிராம் இறங்கியது. மகள் தெருமுனை வரை ஓடிப் போய் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தாள்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

என் கம்பெனியில் ஒரு பை பொரி கடலை. என் கணவர் கம்பெனியில் அதைவிடப் பெரிய பை. ஸ்கூட்டருக்கும் மிக்ஸிக்கும் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு அவர் கூண்டுச் சக்கரத்துக்கும் ஒரு பொட்டு வைத்தார். "அதுவும் மிஷின்தானே, ஓடாத மிஷின்" என்றார். நான் ஒரு பொரியை எடுத்துக் கம்பிக்கு நடுவே நீட்டினேன். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லக் கூடாது இல்லையா. அது சொல்லவில்லை.

இனி தாளில் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் முதல் ஷிப்ட். கம்பெனி பஸ் என்னை மூன்று மணி பத்து நிமிடத்துக்கு இறக்கிவிடும். கணவர் செகண்ட் ஷிப்ட். லைனில் ஆள் இல்லை என்று சூப்பர்வைசர் கெஞ்சியதில் ஆறு மாதமாக அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வீட்டுக்குள் நுழையும்போது அவர் கிளம்பி ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். மகளின் ஸ்கூல் வேன் நாலேகாலுக்கு. நடுவில் ஒரு மணி நேரம் வீட்டில் நானும் எலியும்தான்.

பகலில் தூங்கும் பிராணி, எழுப்பாதீர்கள் என்று மாடிவீட்டுக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். பொரிக் கவர் சரசரத்தால் அது எழுந்துகொள்ளும் என்பது என் கண்டுபிடிப்பு. நான் ஒரு வாய், அதற்கு ஒரு பொரி. எனக்கு ஒரு கடலை, அதற்கு ஒரு கடலை. லைனில் அன்றைக்கு எந்த மேனேஜர் எப்படிக் கத்தினான் என்று சொல்வேன். கன்னம் இரண்டும் உப்ப வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கும். அந்த வீட்டில் அந்தக் கவனத்தோடு என் பேச்சைக் கேட்டது அது ஒன்றுதான். கம்பெனிப் பொரி தீர்ந்ததும் கடையில் வாங்க ஆரம்பித்தேன். அதைத் தாளில் எழுதவில்லை. தாளில் பொரிக்குக் கட்டமே கிடையாது. கட்டம் இல்லாத ஒன்று நடக்கவே இல்லை என்று நம்புவதுதான் எங்கள் தொழிலின் பெரிய சௌகரியம்.

எடை ஏறியது. இறங்கிய நான்கு போய் இன்னும் ஆறு. மகள் தராசைப் பார்த்தாள், கிண்ணத்தில் இருந்ததைப் பார்த்தாள், "செத்துடுமாம்மா?" என்றாள். எனக்கு ரத்தம் கொதித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் என் மேல் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. எனக்கு வந்தது என் கணவர் மேல்.

ஆதாரம் இருந்தது. காலை வேளைக் கட்டங்களில் அவர் போட்ட டிக்குகள் ஏழும் ஒரே பேனா, ஒரே சாய்வு. தினம் தினம் போட்ட டிக் அப்படி இருக்காது. அது மொத்தமாக உட்கார்ந்து போட்டது. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். ஆடிட் வருவதற்கு முதல் நாள் நானும் போட்டவள்தான்.

அந்த ஞாயிறு அவருக்கு ஓ.டி. இல்லை. இட்லித் தட்டோடு அவரை உட்கார வைத்து விசாரித்தேன். எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் ஒரு முறை உண்டு. எந்தத் தப்பு நடந்தாலும் ஐந்து தடவை 'ஏன்' கேட்க வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு ஏன். ஐந்தாவதில் மூல காரணம் வந்து விழுந்துவிடும் என்பது நம்பிக்கை. மூன்றாவதிலேயே பாதிப் பேருக்கு வேர்க்கும்.

"டிக்கு மொத்தமா போட்டது ஏன்?"

"மறந்துட்டேன், அதான் சேத்துப் போட்டேன். இன்னாடி, நான் அக்யூஸ்டா?"

"ஏன் மறந்தீங்க?"

"தூக்கம். ஆனா அளந்துதான் போட்டேன், உன் ஸ்பூன்லதான் போட்டேன். நம்புனா நம்பு, நம்பாட்டி போ."

நான் மூன்றாவது ஏனுக்கு வாய் திறந்தேன். பக்கத்தில் செய்தித்தாளை விரித்துக் கூண்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்த மகள் அது படுத்துத் தூங்கும் மரப்பெட்டியைத் தூக்கித் தலைகீழாகத் தட்டினாள். மரத்தூளோடு இரண்டு கை அள்ளுகிற அளவு பொரி கொட்டியது. நடுநடுவே பொட்டுக்கடலை. தின்றது போக மிச்சத்தைக் கன்னத்தில் அடைத்துப் போய் அடியில் சேர்த்து வைத்திருக்கிறது, திருட்டுப் பயல்.

கணவர் இட்லியைக் கீழே வைத்தார்.

"எனக்குப் பொரி ஆவாது. பாப்பாக்குக் கடலை ஆவாது. இந்த வூட்ல பொரி துன்றது யாரு?"

நான் சாம்பார் எடுக்க எழுந்தேன். சாம்பார் மேஜை மேலேயே இருந்தது.

"உக்காரும்மா" என்றாள் மகள். தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டாள். நான் சொல்லிக் கொடுத்த வித்தைதான். "ஏன் பொரி போட்ட?"

"அது கேட்டுச்சு."

"ஏன் கேட்டுச்சு? அது அப்போ தூங்கும்ல?"

"நான்தான் எழுப்பினேன்."

"ஏன் எழுப்பின?"

"சும்மா. பேசிக்கினு இருக்கலாம்னு."

"ஏன் அதுகூடப் பேசற?"

இந்த இடத்தில் எனக்கு வேர்த்தது. ஒரு தமாஷ் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன், வாயில் வரவில்லை. "வூட்ல அந்நேரத்துக்கு யாரும் இல்லியே" என்றேன். எனக்கே அசிங்கமாக இருந்தது. ஒரு எலியின் எடையைப் பற்றி ஆரம்பித்த பேச்சு.

ஐந்தாவது ஏனை மகள் கேட்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். ஒரே வீட்டில், ஒரே பாயில் படுக்கிறோம். நான் விடியற்காலையில் எழும்போது அவர் தூங்குவார். அவர் வரும்போது நான் தூங்குவேன். அதற்கு முந்தைய இரண்டு ஞாயிறும் அவருக்கு ஓ.டி. அவர் விழித்திருந்து நான் பார்த்தது இருபது நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான், அதையும் நான் விசாரணைக்குச் செலவழித்துக்கொண்டிருந்தேன்.

"எனுக்கு மட்டும் யாரு கீறா அங்க" என்றார் அவர், இட்லியைப் பார்த்தபடி. "மிஷின்தான் கீது."

அப்புறம் பொரியைப் பொறுக்கிக் குப்பையில் போட்டார். நான் தடுக்கவில்லை. மகள் புதுத் தாளில் கட்டம் போட்டாள். குறிப்பு என்ற இடத்தில் குண்டுக் குண்டு எழுத்தில் எழுதினாள்: காரணம் - அம்மாவுக்குப் பேச ஆள் இல்லை. தீர்வு - அப்பா டீ பிரேக்கில் போன் பண்ண வேண்டும். போனுக்கும் தினம் டிக் போட ஒரு கட்டம் வரைந்து, கீழே மூன்று பேரையும் கையெழுத்துப் போடச் சொன்னாள். எங்கள் கம்பெனியில் ஒரு மேனேஜர் இவ்வளவு சீக்கிரம் ஒரு ரிப்போர்ட்டை முடித்து நான் பார்த்ததில்லை.

அவருடைய டீ பிரேக் மூன்றரைக்கு, பத்து நிமிடம். மறுநாள் போன் அடித்தது. எடுத்தேன்.

"இன்னா பண்ற?"

"ஒண்ணும் இல்ல. சாப்ட்டீங்களா?"

"டீ குடிக்கிறேன். எலி இன்னா பண்ணுது?"

"தூங்குது."

"எழுப்பாத."

"எழுப்பல."

அவர் டீ உறிஞ்சும் சத்தம் கேட்டது, பின்னால் கேன்டீன் தட்டுகள். பத்து நிமிடமும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது எலி முப்பத்திரண்டு கிராம் இறங்கிவிட்டது, சக்கரம் சுற்றுகிறது, கத்துகிறது, எண்ணெய் போட வேண்டும். தாளைக் கழற்றலாம் என்று மகளிடம் சொன்னேன். போன் கட்டத்தில் மூன்று நாள் டிக் விட்டுப்போயிருக்கிறது, அப்பா வந்ததும் கேட்க வேண்டும் என்றாள்.